வாய் அடைத்த மணி

ஒன்பதாம் நம்பர் கிணற்றுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது காலை பத்து மணிகூட ஆகவில்லை. அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. க்ளெம் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். முந்நூறு மைல் செம்மண் சாலை. இறைச்சி தொங்கவிடப் பின்னால் இழுத்துவந்த, ஓர் அறையளவு குளிர்ப்பெட்டியின் ஆட்டம் இன்னும் அவன் முதுகெலும்பில் ஓய்ந்தபாடில்லை.

"இறங்குறியா, இல்ல இங்கயே உன்னப் புதைச்சிட்டுப் போகவா?" என்றாள் நோரீன்.

"புதைக்கறதுன்னா நிழல் பார்த்துப் புதை."

"இங்க எங்க நிழல் இருக்கு? அதுக்குக் கடலுக்குத்தான் போகணும்."

முப்பத்தோரு வருடமாகக் கணவன் மனைவி இருவருக்கும் இதுதான் பிழைப்பு. குவீன்ஸ்லாந்தின் மேற்கே, வானமும் மண்ணும் தவிர வேறொன்றும் இல்லாத மாட்டுப்பண்ணைகளில், ஆளில்லாமல் பெருகித் திரியும் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் அவன் சுடுவான். அவள் தோலுரித்துத் துண்டு போடுவாள். வாரம் ஒருமுறை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த இறைச்சி நகரத்து நாய்களுக்கு. டப்பாவின் மேல் பல் தெரியச் சிரிக்கும் நாய்ப்படம் போட்டு விற்பார்கள். மனிதர் தின்பதற்கு யாரும் திருட்டுத்தனமாக விற்றுவிடக் கூடாது என்பதற்காக, துண்டு போட்டதும் அதன்மேல் நீலச் சாயம் அடிக்கவேண்டும் என்பது சட்டம். சாயம் அடிப்பது நோரீனின் வேலை. கையுறை போட்டால் கத்தி வழுக்கும் என்று வெறுங்கையால்தான் எல்லாம் செய்வாள். அதனால் மணிக்கட்டுவரை அவள் கைகள் நீலம். இடது மோதிரவிரலின் நுனியை ஒரு கழுதையின் எலும்போடு சேர்த்து வெட்டிக்கொண்டது பதினைந்து வருடத்துக்கு முன்.

இது கடைசி வேலை. நோரீனின் நெஞ்சு அப்படி. வெளியே நாற்பத்துநாலு டிகிரி, பெட்டிக்குள் இரண்டு டிகிரி என்று மாறி மாறி நுழைந்து அவளுக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டது. இன்னொரு கோடையை அவள் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இந்த ஒரு லோடு முடிந்ததும் கடலோரத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் பின்னால் கேரவனைப் போட்டுக்கொண்டு, மீன் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். போன வருடமும் கொடுத்திருந்தான்.

கிணறு என்று பேர்தான். பூமிக்குள் இறக்கிய இரும்புக் குழாய், ஒரு காற்றாடி, நீண்ட தண்ணீர்த் தொட்டி, மாட்டுக்காரர்கள் எப்போதோ விட்டுப்போன தகரக் கொட்டகை. முப்பதடி தள்ளிக் குளிர்ப்பெட்டியை நிறுத்தி ஜெனரேட்டரை முடுக்கினான். அதன் இரைச்சலில் தொட்டியில் விழும் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்காமல் போயிற்று.

டிங்கர் மட்டும் வண்டியைவிட்டு இறங்க மறுத்தது. எட்டு வயது, மாடு ஓட்டும் நாய், எதற்கும் அஞ்சாதது. அன்று சீட்டுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

மறுநாள் விடியற்காலை முதல் கூட்டம் தண்ணீருக்கு வந்தது. பதினான்கு குதிரைகள். இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. கூட்டத்துக்கு ஒரு கிழட்டுப் பெட்டை முன்னால் நடக்கும். எங்கே தண்ணீர், எந்த வழி ஆபத்து என்பது அதற்குத்தான் தெரியும். அந்தத் தலைக்குதிரையை முதலில் வீழ்த்தவேண்டும். மற்றவை ஓடாது. கொஞ்சதூரம் சிதறும், பிறகு திரும்பி வந்து, விழுந்து கிடப்பதைச் சுற்றி வட்டமாக நிற்கும். அது எழுந்து வழி காட்டும் என்று காத்திருக்கும். அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் சுடலாம். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும். துரத்திச் சுட்டுக் குற்றுயிராக விடுவதைவிட இது மேல் என்பது க்ளெமின் கட்சி.

சாம்பல்நிறப் பெட்டை. ஒரே குண்டு. மற்றவை வட்டமாக நின்றன. அவன் வேலையை முடித்தான்.

கிட்டே போன பிறகுதான் பிடரிமயிருக்கு அடியில் இருந்த பட்டையைப் பார்த்தான். பட்டையில் ஒரு மணி.

மணி கட்டிய குதிரையை எவனும் சுடமாட்டான். மணி இருந்தால் அது யாரோ ஒருவனின் முகாம் குதிரை. இரவில் மேயவிடும்போது மணிச்சத்தத்தை விட்டு மற்ற குதிரைகள் விலகிப் போகாது. காலையில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தேடிப் பிடிப்பார்கள். பகலில் நடக்கும்போது சத்தம் தொந்தரவு என்று மணியின் வாயில் புல்லைத் திணித்து அடைத்துவிடுவார்கள். இதற்கும் அப்படித்தான் அடைத்திருந்தது. அதனால்தான் அவன் காதில் விழவில்லை.

நோரீன் குனிந்து, அடைத்திருந்ததை விரலால் நோண்டி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

பச்சைப் புல்.

இந்தப் பக்கம் மழை பெய்து மூன்று வருடம். பண்ணையில் புல் என்று சொல்ல ஒரு நரைத்த தாள்கூட இல்லை. இது இப்போதுதான் பிடுங்கியது மாதிரி பனி ஈரத்தோடு இருந்தது.

"யாரோ பக்கத்துல இருக்காங்க," என்றாள்.

"நாப்பது மைலுக்கு ஆளே கிடையாது, நோர்."

"அப்ப இது எங்கருந்து வந்துச்சு?"

அவன் குனிந்து தோல் பட்டையைத் தொட்டான். மரப்பட்டைபோலக் காய்ந்து வெடித்திருந்த அது, அவன் கை பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. இத்தனை நாள் எப்படித்தான் மணியைத் தாங்கியதோ. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, பதினான்கு குதிரைகளைத் துண்டு போடவேண்டும். யோசிக்க அவனுக்கு ஓய்வு இல்லை, தெம்பும் இல்லை.

மணியை நோரீன் வைத்துக்கொண்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குளிர்ப்பெட்டிக் கதவின் உட்பக்கக் கைப்பிடி உடைந்து நான்கு மாதமாகிறது. கதவு சாத்திக்கொண்டால் உள்ளே இருந்து திறக்க முடியாது. ஜெனரேட்டர் இரைச்சலில் கத்தினாலும் தட்டினாலும் கேட்காது. புதுக் கைப்பிடி வாங்குகிறேன், வாங்குகிறேன் என்று அவன் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். உள்ளே போகும்போதெல்லாம் கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். இப்போது மணியைக் கொட்டகை விட்டத்தில், அவன் கட்டிலுக்கு நேர்மேலே தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக்கொண்டுபோய், பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக உள்ளே விட்டாள். உள்ளிருந்து இழுத்தால் மணி அடிக்கும். மைல் கணக்கில் கேட்கும் மணி அது, ஜெனரேட்டரெல்லாம் அதன் முன் எம்மாத்திரம்.

"இனிமே நான் உள்ள மாட்டிக்கிட்டா, தூங்கிட்டேன்னு சாக்குச் சொல்ல முடியாது உன்னால," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அன்று மாலை சாம்பல் குதிரையின் விலாத்துண்டை டிங்கருக்குப் போட்டான். நாய் முகர்ந்து பார்த்தது. பின்வாங்கிப் போய், தரையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் நடுப்பகலில் மணி முதல்முறை அடித்தது.

குதிரைகள் வருவது விடியலிலும் அந்தியிலும்தான். இரவெல்லாம் துண்டு போடுவதில் போய்விடும், அதனால் பகல் பதினொன்றுக்குமேல்தான் இருவரும் தூங்குவார்கள். க்ளெம் துள்ளி எழுந்து ஓடினான். கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அறைந்தது. கொக்கிகளில் நீலத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. உள்ளே யாரும் இல்லை. கம்பி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், நோரீன் கொட்டகை வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று அது நான்கு முறை அடித்தது. மறுநாள் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் எழுந்து ஓடினான், திறந்தான், மூடினான். குளிரில் கம்பி சுருங்கி இழுக்கிறது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். ஆனால் பெட்டிக்குள் பச்சை இறைச்சி நாற்றத்தோடு இன்னொரு வாசனையும் இருந்தது. ஓடிக் களைத்த குதிரையின் வியர்வை வாசனை. உயிருள்ள குதிரையிடம் மட்டும் வருவது.

மணி அடிக்கத் தொடங்கிய நான்காம் நாள், பண்ணை மேனேஜர் ப்ரௌஸ் டீசல் கொண்டுவந்தபோது மணியை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு கதை சொன்னார். அவருடைய தாத்தா காலத்தில் ஒரு மாட்டுக்காரன் இந்தக் கிணற்றை நம்பித் தன் குதிரைகளோடு வந்தானாம். கிணறு வற்றிக் கிடந்ததாம். மாதங்கள் கழித்துப் பார்த்தபோது நடுவில் அவன் எலும்பு, அவனைச் சுற்றி வட்டமாகக் குதிரைகளின் எலும்பு. மணி கட்டிய பெட்டை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லையாம். சொல்லிவிட்டு, பழைய ஆட்கள் இப்படித்தான் கதை விடுவார்கள் என்று சிரித்தார். அவர் சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது நோரீன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உள்ள போனா எனக்குக் குளிரவே இல்ல, க்ளெம். பக்கத்துல யாரோ நிக்கற மாதிரி இருக்கு. கழுத்துல மூச்சு படுது. சூடா."

அவன் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான்.

"போயிடலாம்யா. இறைச்சி போனா போகட்டும்."

"நாளன்னைக்கு லாரி வருது. ஏத்திவிட்ட கையோட கிளம்பிடலாம். சத்தியமா."

"உன் சத்தியத்தையெல்லாம் சேர்த்து வச்சிருந்தா, இந்நேரம் இங்கயே ஒரு கடல் கட்டியிருக்கலாம்," என்றாள். கோபமில்லை. அலுப்புத்தான்.

மறுநாள் பகல் மணி மூன்று முறை அவனை எழுப்பியது. மூன்று முறையும் வெறும் பெட்டி. நான்காம் முறை படுத்தபோது அவன் கண்கள் மணலைக் கொட்டியதுபோல எரிந்தன. ஐந்து நாளாகச் சேர்ந்தாற்போல ஒரு மணிநேரம் தூங்கவில்லை. நோரீன் மறுபக்கக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் இருமல் அடங்கித் தூங்குகிறாள். பெட்டிக்குள் தொங்கும் மிச்சத் துண்டுகளுக்குத் தூங்கி எழுந்து சாயம் அடிக்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அந்தக் காரியத்தை அவன் யோசித்துச் செய்யவில்லை. இளமையில் மாடு ஓட்டிய நாளில் ஆயிரம் காலைகளில் செய்து பழகிய கை, தானாகச் செய்தது. தன் பழைய கட்டம்போட்ட சட்டையில் ஒரு முழம் கிழித்து, சுருட்டி, மணியின் வாயில் திணித்தான். ஒரு தூக்கம் போட்டுவிட்டு எடுத்துவிடலாம். அவளை எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை.

அப்பாடா என்று படுத்தான்.

மணிச்சத்தம் கேட்டுத்தான் கண்விழித்தான்.

தலைக்கு மேலே இல்லை. தூரத்தில். முள்காட்டின் பக்கம். டொக், டொக் என்று, மேயும் குதிரையின் நடைக்கு அசைகிற நிதானமான சத்தம்.

நிழலைப் பார்த்தால் மூன்று மணி இருக்கும். நோரீனின் கட்டில் காலி. தொட்டியடியில் துணி அலசுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். டிங்கர் குளிர்ப்பெட்டிக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் பட்டினிக்குப் பிறகு இப்போதுதான் பசிக்கிறதா என்று அதட்டிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு சத்தத்தின் பக்கம் நடந்தான்.

அவன் நினைப்பு இதுதான்: மணி கட்டிய இன்னொரு குதிரை இருக்கிறது என்றால் அதற்கு ஓர் ஆளும் இருக்கிறான். ஆளைப் பார்த்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டால், இந்த ஐந்து நாள் கூத்துக்கு ஒரு முடிவு வரும். நோரீனும் நிம்மதியாகத் தூங்குவாள்.

சத்தம் எப்போதும் அவனுக்கு ஒரு கல்லெறி தூரம் முன்னால் இருந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. மண்ணில் குளம்புச் சுவடு இருக்கிறதா என்று பார்த்தான். எறும்புக் கோடுகள்தான் இருந்தன. ஜெனரேட்டர் இரைச்சல் பின்னால் தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போனது. அரைமணிக்கு மேல் நடந்திருப்பான்.

முள்மரங்கள் விலகின. நடுவே வெள்ளைக் களிமண் வெளி.

அங்கே குதிரைகள் நின்றன.

வட்டமாக நின்றன. தலைகளை உள்பக்கம் தாழ்த்தி, அசையாமல்.

வட்டத்தின் நடுவே எதுவும் இல்லை.

ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. வால் அசையவில்லை. அவற்றின் மேல் ஈ உட்காரவில்லை. எண்ணவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணிவிட்டான். பதின்மூன்று.

மணிச்சத்தம் நின்றது.

இந்த நிற்றலை அவன் முப்பத்தோரு வருடமாகப் பார்த்திருக்கிறான். தலைக்குதிரை விழுந்தபிறகு மற்றவை இப்படித்தான் நிற்கும்.

அவனும் நோரீனும் என்ற இருவரில் முன்னால் நடப்பது யார்?

டிங்கர் கதவைப் பிறாண்டியது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஓடினான். அறுபத்திரண்டு வயதுக் கால்கள் எவ்வளவு ஓடும்? விழுந்தான், எழுந்தான், முள் கிழித்த கையோடு மறுபடி ஓடினான். மனத்துக்குள் நோர், நோர் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. கொட்டகை கண்ணில் பட்டபோது விட்டத்தில் மணி தெரிந்தது.

அது ஆடிக்கொண்டிருந்தது. இப்படியும் அப்படியும், கட்டம்போட்ட துணி வாயில் துருத்த, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஆட்டம் குறைந்தது. நின்றது.

கதவோரம் செங்கல் இரண்டாக உடைந்து கிடந்தது, கனமான எதுவோ மிதித்த மாதிரி.

கதவை இழுத்துத் திறந்தான். நோரீன் உள்பக்கம் கதவோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கம்பியை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். கதவின் உட்புறம் முழுக்க நீலக் கைத்தடங்கள், மேலே சில, இடுப்புயரத்தில் பல, கீழே இன்னும் பல. மிச்சத் துண்டுகள் அத்தனைக்கும் சாயம் அடித்து முடித்திருந்தாள். அவன் தூங்கட்டும், எழுந்ததும் வேலையே இருக்கக் கூடாது என்றுதான் தானே போயிருக்கிறாள். அது அவளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அவனுக்கும் புரிந்தது. அவளை மடியில் போட்டுக்கொண்டு, நாற்பத்துநாலு டிகிரி வெயிலில், சூடு ஏறும் ஏறும் என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் உடலைப் பரிசோதித்த டாக்டர் ஏற்கவில்லை. உடம்பெல்லாம் விறைத்திருக்க, கழுத்தின் பின்புறம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது என்று லாரிக்காரன் ஸ்டாங்கோ சொன்னதை அவர் நம்பவில்லை. மறுநாள் வந்து அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவன் அவன்தான்.

அடக்கம் முடிந்ததும் நோரீனின் தங்கை அவனைக் கடலோரத்துக்குக் கூப்பிட்டாள். கேரவனுக்கு இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, முந்நூறு மைல் ஓட்டிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் கிணற்றுக்கே திரும்பினான். துப்பாக்கியை ப்ரௌஸிடம் கொடுத்துவிட்டான். குளிர்ப்பெட்டியை யாரோ வந்து இழுத்துப் போனார்கள். விட்டத்தில் மணி இல்லை. யார் எடுத்தது என்று கேட்டான், யாருக்கும் தெரியவில்லை. இங்கே என்ன செய்யப்போகிறாய் என்று ப்ரௌஸ் கேட்டபோது, எங்கே போவது என்று தெரியவில்லை என்றான். பொய்யில்லை. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எப்போதும் அவள்தான் சொல்வாள்.

தொட்டியைச் சுத்தம் செய்வான், டிங்கருக்குச் சோறு போடுவான், மற்ற நேரம் தண்ணீரோரம் சும்மா நிற்பான்.

மூன்றாம் வாரம் ஓர் அந்தியில் ஒரு கூட்டம் தண்ணீருக்கு வந்தது. முன்னால் சாம்பல்நிறப் பெட்டை. டிங்கர் குரைக்கவில்லை. ஓடிப்போய் அதன் காலடியில் படுத்து, வாலை ஆட்டியது. நோரீனிடம் மட்டுமே அது அப்படிச் செய்யும்.

குதிரையின் கழுத்தில் பட்டை. பட்டையில் மணி. மணியின் வாயில் கட்டம்போட்ட துணி.

அவன் அருகே போனான். அது விலகவில்லை. துணியை உருவினான். பிடரிமயிரை ஒதுக்கினான்.

கழுத்தில், யாரோ இறுகப் பற்றிக்கொண்ட மாதிரி, ஒரு நீலக் கைத்தடம். மோதிரவிரலுக்கு நுனி இல்லை.

அதன்மேல் தன் கையை வைத்தான். எடுத்துப் பார்த்தபோது அவன் உள்ளங்கையிலும் நீலம் ஒட்டியிருந்தது, ஈரமாக.